கயிறு பிடித்தவன் எழுதிய கதை

கொழும்புக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது டிராம் வண்டி இல்லை, துறைமுகத்தில் நிற்கிற பெரிய பெரிய கப்பல்களும் இல்லை. தூத்துக்குடிக்காரனைக் கப்பலைக் காட்டி மிரட்ட முடியாது. எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே தள்ளி நின்றாலும் கப்பல் கப்பல்தான். என்னைத் திகைக்க வைத்தது வேறு. இந்த ஊரில் மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு படிக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு தமிழ் வாசகசாலை இருக்கிறது. பத்திரிகைகளும் புத்தகங்களும் போட்டு வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று சொல்லும் இடம். அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு சொல்கிறேன். முதல் நாள் உள்ளே போய், மேசையில் விரித்திருந்த பத்திரிகையை எங்கள் ஊர் வழக்கப்படி நல்ல சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். இருபது தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. கேட்கத்தான் திரும்புகிறார்கள் என்று நினைத்து, எல்லோருக்கும் எட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். செயலாளர் கனகசபை எழுந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் கிளார்க்கு வேலை. "என்ன காணும், உமக்குக் கண் தெரியாதோ?" என்றார். "நல்லாத் தெரியும் ஐயா, எழுத்து எவ்வளவு சின்னதா இருந்தாலும் படிச்சிருவேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சுவரைக் காட்டினார். அங்கே 'மௌனம்' என்று ஒரு பலகை தொங்கியது.

மௌனமாம்! படிப்பதற்கு எதற்கு மௌனம்? செத்த வீட்டிலேயே நாங்கள் மௌனமாக இருப்பதில்லை. தூத்துக்குடியில் எங்கள் கடற்கரைத் தெருவில் ஒரு பலசரக்குக் கடை உண்டு. கடை அண்ணாச்சிதான் எங்கள் தெருவுக்கே கண். பத்திரிகை வந்தால் அவர் படிப்பார், கடிதம் வந்தால் அவர் படிப்பார், பத்துப் பதினைந்து பேர் கேட்போம். சும்மா கேட்கமாட்டோம். ஆறுமுகநேரி உப்பளத்தில் இப்படி நடந்தது என்று பத்திரிகையில் இருந்தால், உப்பு வண்டி ஓட்டுகிறவன் கூட்டத்தில் இருந்து, "எவன் சொன்னான்? நான் நேத்துதான அங்கன இருந்து வாரேன்!" என்று எழுந்து நிற்பான். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "பேப்பர்ல அப்படித்தாம்லே போட்டிருக்கான், எங்கிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்க?" என்பார். அங்கே எழுதுகிறவன் காது குத்த முடியாது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவன் எப்படியும் அந்த இடத்தைப் பார்த்தவனாக இருப்பான். வாயை மூடிக்கொண்டு படிக்கிற ஊரில் எழுதுகிறவனுக்கு அந்தப் பயம் கிடையாது.

நான் எட்டாவது வரை மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கொழும்புத் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைகளின் மேல் மையால் அடையாளம் எழுதுவது என் வேலை. கொப்பரைத் தேங்காய் வாடையும் கருவாட்டு வாடையும் நாள் முழுக்க உடம்பில் ஏறும். வாசகசாலையில் வாசலை ஒட்டி ஒரு வாங்கு கிடக்கிறது. என்னைப் போல உடம்பு வாடை உள்ளவர்களும் காலில் செருப்பு இல்லாதவர்களும் அதில்தான் உட்கார வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கண்ணாலேயே காட்டிவிடுவார்கள். 'யார் வேண்டுமானாலும்' என்பதற்கு இதுதான் அர்த்தம். போகட்டும் என்று அந்த வாங்கிலேயே உட்கார்ந்து பல வருஷம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இலக்கியக் கூட்டம் நடக்கும். அந்த வாரம் எல்லோரும் படித்த கதையைப் பற்றிப் பேசுவார்கள். நான் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உலக யுத்தம் முடிந்து மறுவருஷம் ஒரு ஞாயிறு, அவர்கள் பேச எடுத்துக்கொண்டது எங்கள் கடலைப் பற்றிய கதை. மதராஸ் பத்திரிகை ஒன்றில் வந்தது. முத்துக்குளிக்கிறவன் ஒருவன், அவன் மனைவி பேரழகி, அவளுடைய தம்பி குடிகாரன். குளிக்கிறவன் கடலுக்குள் இருக்கும்போது, கயிறு பிடிக்கிற மைத்துனன் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை அறுத்துவிடுகிறான். பிணம் கரை ஒதுங்குகிறது. மனைவி தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு, தம்பியைச் சபித்துவிட்டுக் கடலில் விழுகிறாள். அவ்வளவுதான் கதை. கூட்டத்தில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கனகசபை எழுந்து, "இலக்கியம் மனுசன்ரை மனத்தை இளக்குது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின்ரை துக்கம் இண்டைக்கு எங்கடை துக்கமாப் போச்சு. அந்தக் கயிறு பிடிச்ச பாவியை நினைக்கக் கை நடுங்குது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கை நடுங்கவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் இதைக் கேளுங்கள். எங்கள் கடலில் முத்துச்சிப்பி எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. சிப்பி வளர்கிற கடலடிப் பாரில் ஒன்றும் விளையவில்லை, சர்க்கார் குளிக்க விடவில்லை. நாங்கள் குளிப்பது சங்கு. சங்கு என்றால் மதராஸில் யாரும் கண்ணீர் விடமாட்டார்கள் போல, அதனால் அந்தப் புண்ணியவான் முத்தாக்கிவிட்டார். அடுத்தது, சொத்தாம்! சங்கு குளிக்கிறவனிடம் என்ன சொத்து இருக்கிறது? ஒரு கோவணம், காதில் எப்போதும் ஒரு வலி. அதற்கு ஆசைப்பட்டு எவன் கயிற்றை அறுப்பான்? ஏன் மைத்துனன் கயிறு பிடிக்கிறான் என்று ஒரு மனிதனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலாவது அந்தக் கதையை எழுதியிருக்கமாட்டார். எங்கள் வழக்கத்தில் குளிக்கிறவனுடைய உயிரை அவன் அண்ணன் கையில் கூடக் கொடுக்கமாட்டார்கள். மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காள் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்று எங்கள் முன்னோர் வைத்த ஏற்பாடு அது. அதைத்தான் அவர் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்.

"ஐயா, இந்தக் கதை பொய்" என்று எழுந்து நின்றேன். கடைசி வாங்கிலிருந்து குரல் வந்தது அதுதான் முதல் தடவை. "கதை எண்டால் பொய்தான் காணும்" என்றார் கனகசபை, சிரித்தார்கள். "இது வேற பொய் ஐயா. ஒரு சாதி சனத்தையே கொலைகாரன்னு சொல்லுத பொய்" என்றேன். "உமக்கு அங்கத்தைய விசயம் தெரியுமோ?" "தெரியும்." "அப்பிடியெண்டால் நீர் ஒண்டு எழுதிக்கொண்டு வாருமன், பாப்பம்." மறுபடியும் சிரித்தார்கள். எனக்குத் தெரியும் என்று சொன்னேனே தவிர, எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. நான்தான் கயிறு பிடித்தவன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

என் அக்காள் செபமாலை. அவள் புருஷன் சூசை, எனக்கு அத்தான். தூத்துக்குடியில் எங்கள் திரேஸ்புரத்துக் கரையிலிருந்து விடியும்போது காற்றுப் பிடித்து வள்ளம் புறப்படும். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில், அத்தான் கனத்துக்குக் கட்டிய கல்லில் நின்று இறங்குவார். இடுப்புக் கயிற்றின் மறுநுனி என் கையில். சங்கு பொறுக்கி முடிந்ததும் கயிற்றை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுப்பார், நான் தூக்க வேண்டும். வெட்டு வராவிட்டால்? அதற்குத்தான் எண்ணிக்கை. எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. மாதாவுக்குச் சொல்கிற சின்னச் செபம், பிரியதத்தம் என்போம், அதைத்தான் வாய்க்குள் சொல்லி எண்ணுவேன். ஆறு சொல்வதற்குள் பெரும்பாலும் வெட்டு வந்துவிடும். ஏழு முடிந்தும் வரவில்லை என்றால் கேள்வி முறை இல்லை, இழுத்துவிட வேண்டும். ஏழுதான் எல்லை என்று அத்தானே எனக்குச் சொல்லிவைத்தது.

யுத்தம் தொடங்கிய வருஷம், சங்குக் காலத்தில் ஒருநாள். இரண்டாவது முங்கலில் நான் ஆறு முடிந்ததுமே இழுத்துவிட்டேன். கடல் கொஞ்சம் கலங்கல், எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தான் மேலே வந்து மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே ஏச ஆரம்பித்தார். "ரெண்டு பெரிய சங்கு, கைக்கு எட்டுனத வுட்டுட்டு வாரேன். ஏலே, ஒங்கிட்டக் கயித்தக் குடுத்ததுக்குத் தொட்டிலு ஆட்டக் குடுத்திருக்கலாம்லே!" வள்ளத்தில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயசு. காது சிவந்துவிட்டது. அவர் மறுபடியும் இறங்கினார். நான் எண்ணினேன். ஆறு. ஏழு. வெட்டு வரவில்லை. இழுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். நான்தான் கையைப் பிடித்து வைத்தேன். இப்போ இழுத்தா மறுபடியும் தொட்டிலாட்டி என்பார், கெடக்கட்டும், அவரே வெட்டட்டும் என்று ஒரு ரோஷம். எட்டுச் சொன்னேன். ஒன்பது சொன்னேன். ஒன்பதில்தான் பயம் வந்து இழுத்தேன். கயிறு கனத்து வந்தது. அத்தான் மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்தார். வள்ளத்தில் கிடத்தியபோது உயிர் இல்லை.

இதில் வில்லன் எங்கே? சொத்து எங்கே? பேரழகி எங்கே? இரண்டு பிரியதத்தம் நேரம் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அக்காள் என் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. மெதுவாக, "ஏலே தொம்மை, எத்தன மட்டும் எண்ணுன?" என்று கேட்டாள். "எப்பவும் போலத்தாங்க்கா, ஏழு" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். என்னைச் சந்தேகப்படுகிறாள், கொலைகாரன் என்று நினைக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம் கூட வந்தது. அதன்பிறகு அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வெங்காயம் ஏற்றிப் போகிற தோணியில் ஆளோடு ஆளாக ஏறிக் கொழும்புக்கு வந்துவிட்டேன். இங்கே வந்து ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கூண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து காதோடு கேட்டு, கடவுள் மன்னித்தார் என்றார். கடவுளுக்கென்ன, மன்னித்துவிடுவார். தாலி அறுத்தது அவர் அக்காள் இல்லையே.

கனகசபை போட்ட சவாலுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நல்ல எண்ணம், இலக்கிய ஆர்வம் என்று எதுவும் கிடையாது, வயிற்றெரிச்சல்தான். கிட்டங்கியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொப்பரை மூட்டைமேல் நோட்டை வைத்து எழுதினேன். முதல் தடவை எழுதியதில் முக்கால்வாசி மதராஸ் எழுத்தாளரைத் திட்டியதுதான். கயிறு பிடித்தவன் உத்தமன், குற்றம் எல்லாம் கடலுடையது என்று முடித்திருந்தேன். படித்துப் பார்த்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் பொய்க்கு என் பொய் என்ன குறைச்சல்? கிழித்துப் போட்டேன். இரண்டாவது தடவை எட்டையும் ஒன்பதையும் எழுதினேன். எழுதும்போது வியர்த்தது, ஆனாலும் எழுதிவிட்டேன். பிறகு அக்காள் வருகிற இடம் வந்தது. வள்ளம் கரைக்கு வருகிறது, அக்காள் ஓடி வருகிறாள், மார்பில் அடித்துக்கொண்டு தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு அழுகிறாள் என்று சரளமாக எழுதிக்கொண்டு போனேன். திடீரென்று கை நின்றுவிட்டது. அது அந்த மதராஸ்காரருடைய பேரழகி! என் அக்காள் அன்றைக்கு அழவே இல்லை. கூடப்பிறந்தவளை எழுத உட்கார்ந்து, முன்பின் தெரியாதவன் எழுதியதைத் திருடி வைத்திருக்கிறேன். ஏன் என்று யோசித்தால், அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் பயத்தையும் என் மானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவளைப் பார்க்கவில்லை. ஊர் உலகத்து எழுத்தாளனை எல்லாம் ஏசிய எனக்கு அந்த இடத்தில் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஒரு மாசம் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அவள் என்ன செய்தாள், எங்கே நின்றாள், என்ன பார்த்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கரை என்றால் வள்ளத்திலிருந்து பார்க்கிற கரைதான். கரையிலிருந்து வள்ளத்தை நான் பார்த்ததே இல்லை. அவளோ கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் பார்த்தவள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால்தான் வள்ளங்கள் பாய் விரித்து ஒன்றாகத் திரும்பும். அன்றைக்குக் காற்று எழும்புவதற்கு முன்னாலேயே, பாய் இல்லாமல், துடுப்புப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வள்ளம் திரும்பியது. அப்படி வருகிற வள்ளத்தில் என்ன வருகிறது என்று கரையில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். யாருடையது என்பதுதான் தெரியாது. வள்ளம் பக்கத்தில் வருகிற வரைக்கும், அரை மணியோ முக்கால் மணியோ, அவள் அங்கே நின்றிருக்கிறாள். அழுவதற்கு உண்டானதை எல்லாம் அந்த நேரத்திலேயே முடித்துவிட்டாளோ என்னவோ. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக எனக்குள் எங்கே கிடந்தது என்று தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே அக்காள் ஒன்று சொன்னாள். "அவுக நேத்தே கோவப்பட்டாவலே, நீ சீக்கிரமே இழுத்துருதியாம். இன்னைக்கு அவசரப்படாம, நின்னு நிதானமா இழு."

அதை நான் அப்போது காதில் கூட வாங்கவில்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் நான் இழுக்காமல் நின்றது அவள் சொல்லுக்காக இல்லை, என் ரோஷத்துக்காக. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? காலையில் தம்பியிடம் நின்று இழு என்று சொல்லி அனுப்பினாள், மத்தியானம் புருஷன் பிணமாக வந்தான். எத்தனை எண்ணினாய் என்று அவள் கேட்டது என்னைக் குற்றம் சொல்ல இல்லை. என் சொல்லாலா செத்தார் என்று கேட்டிருக்கிறாள். நான் ஏழு என்றேன். பொய் சொல்கிறேன் என்று என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். நான் தப்பித்துக்கொண்டேன், அவளை அந்தப் பாரத்தோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுதது என் குற்றத்தை. அவள் சுமந்தது அவளுடையதே இல்லாத குற்றத்தை. கொப்பரை மூட்டைமேல் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கிட்டங்கிக்காரர்கள் தேள் கொட்டிவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

பெயர்களை மாற்றி எழுதி முடித்து, ஒரு ஞாயிறு கூட்டத்தில் படித்தேன். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "நடை பரவாயில்லை, ஆனால் இதிலை கதை எங்கை?" என்றார் ஒருவர். "கெட்டவன் ஆரெண்டு தெளிவில்லை" என்றார் இன்னொருவர். அக்காள் அழவே இல்லையே, கல்நெஞ்சுக்காரியாக இருக்கிறாளே என்று ஒரு குறை. பொய்க்கு உருகியவர்கள் ஒருவருக்கும் உண்மைக்கு ஒரு சொட்டு வரவில்லை. அட போங்கள் ஐயா! கடைசி வாங்கில் நாறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைத் திரும்பிப் பார்க்காமல், காகிதத்தில் இருக்கிறவனுக்காக அழுவதற்குப் பெயர் இளகிய மனசா? வாசித்தால் மனம் விரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. நான் அந்த வாங்கில் வருஷக்கணக்காக வாசித்தவன். விரிந்ததா? நம்மைத் தவிர எல்லோரும் கெட்டவர்கள் என்று காட்டுகிற கதை யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கேடுகெட்ட கதையைப் படித்திராவிட்டால் நான் எழுதியிருக்கமாட்டேன். எழுதியிராவிட்டால் என் அக்காள் கரையில் நின்றதைப் பார்த்திருக்கமாட்டேன்.

எல்லோரும் போனபிறகு கனகசபை ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே கேட்டார். "அந்தக் கயிறு பிடிச்சவர் இப்ப எங்கை?" "கடைசி வாங்குல இருக்கேன் ஐயா" என்றேன். அவர் கை ஜன்னல் கதவிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தவர் நேராக என் பக்கத்தில் வந்து அந்த வாங்கில் உட்கார்ந்தார். அதற்காக நான் உருகிப்போகவில்லை. வாங்கை முன்னால் இழுத்துப் போட்டிருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. எழுதியதை அக்காளிடம் சேர்க்க வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடிதம் போட்டால் அண்ணாச்சி கடைக்குத்தான் போகும். அண்ணாச்சி பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். தனியாகப் படித்துக் காட்டவும் என்று மேலே எழுதலாம் என்றால், அப்படி எழுதினால் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் வந்துவிடும். கொழும்பாக இருந்தால் கண்ணாலேயே படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். எங்கள் ஊரில் ரகசியத்துக்கு இடம் கிடையாது. ரோஷத்தில் அத்தானைக் கொன்றவன் என்று திரேஸ்புரமே பேசும். அதற்கப்புறம் அந்தக் கரையில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, எந்த வள்ளத்திலும் என் கையில் கயிறு தரமாட்டார்கள். எழுதாமல் விட்டால் அக்காள் அந்தப் பாரத்தோடேயே சாவாள். மூன்று வாரம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு கதையில் மாற்றியிருந்த பெயர்களை எடுத்துவிட்டு, சூசை, செபமாலை, தொம்மை என்று உள்ளதை உள்ளபடி போட்டு, அக்காளுக்குக் கடிதமாக எழுதித் தபாலில் சேர்த்தேன்.

பதில் வர ஒன்றரை மாசம் ஆயிற்று. அண்ணாச்சியின் கையெழுத்து, அக்காளின் பேச்சு. அப்படியே தருகிறேன். "தம்பி தொம்மைக்கு அக்கா செபமாலை எழுதச் சொல்லி எழுதுவது. கடுதாசி கெடச்சுது. அண்ணாச்சி படிச்சாவ. கடையில பத்துப் பேரு இருந்தாவ, ஒருத்தரும் வாயத் தொறக்கல. ரெண்டாம் மட்டமும் படிக்கச் சொன்னேன். நான் காலையில சொன்ன சொல்லுதான் அவுகளக் கொன்னுட்டுன்னு இத்தன வருசமா நெஞ்சுல வச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒங்கிட்ட கேட்டதும் அதுக்குத்தான். நீ ஏழுன்ன. பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அக்கா மனசு நோவக்கூடாதுன்னு பொய் சொல்லுதான்னு நெனச்சேன். நீ ஒன்னயக் காப்பாத்திக்கிட்டுல்லா இருந்திருக்க. மன்னிச்சேன்னு எழுதவான்னு அண்ணாச்சி கேக்காவ. எழுதாதீயன்னு சொல்லிட்டேன். நீ எழுதுனத அடுத்தவுக வாயால கேட்டாச்சு. இனி நீயே வந்து ஒன் வாயால படி. அதுக்குப் பொறவு பாப்போம்."

சனிக்கிழமை ஒரு தோணி தூத்துக்குடிக்குப் போகிறது. அதை ஓட்டுகிற தண்டல் எனக்கு இடம் தருகிறேன் என்றிருக்கிறார். கொழும்பு வேலையை விடவில்லை, ஒரு மாசம் லீவு வாங்கியிருக்கிறேன். அக்காள் வீட்டில் எனக்கு ஒரு ராத்திரி படுக்கப் பாய் கிடைக்குமா, அடுத்த தோணியிலேயே திரும்ப வேண்டியிருக்குமா தெரியாது. தினமும் வேலை முடிந்ததும் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு, நோட்டை விரித்து வாய்விட்டுப் படித்துப் பழகுகிறேன். பாதி வரைக்கும் நல்லாத்தான் போகிறது. தொட்டிலாட்டி வருகிறது, வள்ளத்துச் சிரிப்பு வருகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை தொடங்குகிறது. கண்ணால் படித்தால் எட்டும் ஒன்பதும் ஒரே வரி, கடந்து போய்விடுகிறேன். வாயால் படிக்கும்போது ஏழு வரைதான் வருகிறது. அதற்குமேல் குரல் வரமாட்டேன் என்கிறது.

நேற்றும் அப்படித்தான், ஏழில் நின்றுவிட்டேன். அங்கே காவல் இருக்கிற சிங்களக்காரர், வயசானவர், அவர் பாஷைப்படி மரியாதையாக மாத்தயா என்றுதான் கூப்பிடுவேன், நான் தினமும் செபம் சொல்ல வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் வாய் திறந்தாலே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நிற்பார். நேற்று நான் ரொம்ப நேரம் சும்மா இருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "தம்பி, சாமி கும்பிட்டது முடிஞ்சதா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு இருக்கு, மாத்தயா" என்றேன்.